எட்டாம் மாதம் தெரியாத ஸ்கிரிப்ட்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. வானொலி நிலையத்தில் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவள் காலண்டர்தான். "காலண்டர் வந்தாச்சா?" "அதைக் காலண்டர்கிட்டக் கேளு." "காலண்டர் கோபமா இருக்கு, இப்போ உள்ளே போகாதே." அவள் இதற்கெல்லாம் வருத்தப்பட்டதே இல்லை. "ஆணி அடிச்சுத் தொங்க விடாத வரைக்கும் எப்படி வேணாலும் கூப்பிடுங்க" என்பாள்.

அந்தப் பட்டத்துக்கு அவள் பத்து வயதிலேயே தகுதி பெற்றுவிட்டாள். அவள் அம்மா தையல்காரி. வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷின், தலையில்லாத ஒரு துணிப் பொம்மை, அலமாரியின் உச்சியில் ஒரு வானொலிப் பெட்டி. துணி கொண்டு வருகிறவர்கள் என்றைக்கு வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் துணியிலேயே ஊசி குத்திவிட்டுப் போவார்கள். வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பெண்மணி கோட்டுத் துணியில் 4-9 என்று குத்திவிட்டுப் போனார். அம்மா அதைச் செப்டம்பர் நாலு என்று படித்து, அவசரமில்லை என்று அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிட்டாள். அந்தப் பெண்மணியின் ஊரிலோ மாதத்தை முன்னால் எழுதுவது வழக்கம். ஏப்ரல் ஒன்பதாம் தேதி சாயங்காலம், மறுநாள் பயணத்துக்குப் பெட்டி கட்டிவிட்டுக் கோட்டை வாங்க வந்து நின்றார். துணியில் கத்தரிகூடப் படவில்லை. அன்றைக்கு நடந்த சண்டையில் தெருவே வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தது.

சண்டை ஓய்ந்து, அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, மூலையில் மகள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி சிரிக்கறே? மானம் போச்சு எனக்கு."

"அம்மா, ரெண்டு பேர் சொன்னதும் சரிம்மா! ஒரே சீட்டு. நீ ஒரு மூலையில நிக்கறே, அவங்க ஒரு மூலையில நிக்கறாங்க. நடுவுல அஞ்சு மாசம்!"

அன்றிலிருந்து அவள் தேதியை வருஷம், மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதாகத்தான் எழுதினாள். அப்படி எழுதினால் யாரும் சண்டை போட முடியாது, ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால் தானாகவே வரிசையில் நிற்கும் என்பது அவள் கட்சி. பள்ளியில் வாத்தியார்கள் சிவப்பு மையால் சுழித்துப் பார்த்தார்கள். அவள் திருந்தவில்லை. அம்மாவின் துணிகளுக்கும் அவளே சீட்டு எழுத ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கோட்டுச் சண்டை வரவில்லை, வேறு சண்டைகள் வந்தன.

கல்லூரியில் கணினி படித்தபோது ஷெல் ஸ்கிரிப்ட் என்ற ஒன்று இருப்பது தெரிந்தது. படமோ பொத்தானோ இல்லாத கறுப்புத் திரை. செய்ய வேண்டியதை வரிவரியாக எழுதி வைத்தால் இயந்திரம் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போய்ச் செய்து முடிக்கும். விடுதித் தோழிகளின் புகைப்படக் கோப்புகள் ஆளுக்கொரு விதமான தேதியோடு தாறுமாறாகக் கிடந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தத்தான் முதல் ஸ்கிரிப்டை எழுதினாள். தேதியைக் கோடு கண்ட இடத்தில் வெட்டு, துண்டுகளை இடம் மாற்று, மறுபடி ஒட்டு. ஒரு விசையைத் தட்டியதும் அத்தனை கோப்புகளும் ஒரே மூச்சில் திரும்பி வரிசையில் நின்றன. அவள் நாற்காலியை விட்டு எழுந்து ஆடினாள். கணினிக்கூடத்தில் ஆடக் கூடாது என்று சட்டம் எதுவும் எழுதியிருக்கவில்லை. மறுநாள் எழுதி ஒட்டினார்கள்.

படிப்பு முடிந்து அவள் சேர்ந்த வானொலி நிலையம் ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. படியேறும்போது ரப்பர் வாசனை கூடவே ஏறி வரும். ஒலிப்பதிவு அறையின் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் பேசுகிறவர், இந்தப் பக்கம் கருவிகளும் கணினியும் அவளும்.

முன்கூட்டிப் பதிவு செய்த நிகழ்ச்சிகளைச் சரியான நாளில் சரியான நேரத்துக்கு ஒலிபரப்பு வரிசையில் ஏற்றுவது அவள் வேலை. ஆனால் பதிவு செய்தவர்கள் கோப்புகளுக்கு வைத்திருந்த பெயர்களைப் பார்த்த முதல் நாளே அவளுக்குத் தலை சுற்றியது. ஒருவர் நாளை முன்னால் போட்டார், ஒருவர் மாதத்தை. மருத்துவ நிகழ்ச்சிக்காரர் 'செவ்வாய்' என்று மட்டும் எழுதினார், எந்தச் செவ்வாய் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். மேலாளருடைய கோப்புகள் 'நாளைக்கு', 'நாளைக்கு-புதுசு', 'நாளைக்கு-இதுதான்-சரி' என்று கிடந்தன.

"சார், நீங்க நேத்து 'நாளைக்கு'ன்னு வெச்சது இன்னைக்கா, நாளைக்கா?"

மேலாளர் யோசித்தார். "நேத்துன்னா முந்தாநேத்து வெச்சதாம்மா?"

இந்தச் சந்தைக்கடையில் ஒரே ஒரு மனிதரின் கோப்புகள் மட்டும் துவைத்து மடித்து வைத்த சட்டைகள் மாதிரி இருந்தன. 05-மார்ச். 06-மார்ச். 07-மார்ச். நாள் எப்போதும் இரண்டு இலக்கம், ஒரு கோடு, மாதத்தின் முழுப் பெயர். ஒரு நாள்கூட மாறியதில்லை. அவர்தான் காலை நிகழ்ச்சி அறிவிப்பாளர். ஊரே அவர் குரலுக்கு மயங்கிக் கிடந்தது. அவள் மயங்கியது அவருடைய கோப்புப் பெயர்களுக்கு.

ஆனால் அந்தக் குரலை நேரில் கேட்டவர்கள் குறைவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் உட்கார்ந்தால் அருவி. கதவைத் திறந்து இந்தப் பக்கம் வந்தால் குழாயை இறுக்கி மூடின மாதிரி. கேட்டதற்கு "ம்" என்பார், ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் "ம்ம்" என்பார். அதனால் அவர்கள் காதல் முழுக்கக் கண்ணாடி வழியாகவே நடந்தது. பாட்டு ஓடும்போது மைக்கின் வெளிவழியை அடைத்துவிட்டு, அவள் காதுக் கருவிக்கு மட்டும் பேசுவார்.

"காலண்டர், ஒரு அறிவிப்பு."

"சொல்லுங்க, பாட்டு முடிய ஒரு நிமிஷம்தான் இருக்கு."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அடுத்து வானிலை."

"வானிலை முடிஞ்சதும் பதில் சொல்றேன்."

அன்றைக்கு ஊருக்கு வாசித்த வானிலையில் அவர் வெப்பநிலையைப் பத்து பாகை கூட்டிச் சொல்லிவிட்டார். யாரும் தொலைபேசியில் கேட்கவில்லை. குரல் அவ்வளவு உறுதியாக இருந்தது.

அவள் அந்த நிலையத்தில் எழுதிய பெரிய ஸ்கிரிப்ட் அவருடைய காலை நிகழ்ச்சிக்கானது. எழுதியது ஒரு அக்டோபரில். தினமும் காலையில் அது தானாக எழுந்து, இன்றைக்கு என்ன நாள், என்ன மாதம் என்று இயந்திரத்தைக் கேட்கும். இயந்திரம் மாதத்தை எண்ணாகச் சொல்லும், அதையும் எப்போதும் இரண்டு இலக்கத்தில். ஸ்கிரிப்டுக்குள் பன்னிரண்டு மாதப் பெயர்களையும் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். எண்ணைக் கொண்டு பெயரை எடுத்து, நாளோடு ஒட்டி, அந்தப் பெயரில் தொடங்கும் கோப்பைத் தேடி, பெயரை வருஷம்-மாதம்-நாள் என்று மாற்றி ஒலிபரப்பு வரிசையில் ஏற்றிவிடும். அக்டோபரில் ஓடியது. நவம்பரில் ஓடியது. புது வருஷம் பிறந்தும் ஓடியது. அவள் அதைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள்.

அறிவிப்பாளர் ஒரு நாள் கண்ணாடி வழியாகக் கேட்டார். "ஒரு சந்தேகம். மாதமே போடாத கோப்பு இருந்தா உங்க ஸ்கிரிப்ட் என்ன செய்யும்?"

"கண்டுக்கவே கண்டுக்காது. அழைப்பில்லாத கல்யாண வீடு மாதிரி தாண்டிப் போயிட்டே இருக்கும்."

"ம்ம்" என்றார், மைக் முன்னாலேயே. அவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அதற்குள் வீட்டுக்கு விஷயம் வந்துவிட்டது. அம்மாவுக்கு அந்த வானொலிக் குரல் என்றால் உயிர். காலையில் அவர் நேரம் சொன்னால்தான் மெஷினில் நூல் கோப்பாள். "காலை எட்டு மணி"ன்னு அவர் சொல்றப்போ எட்டு மணிக்கே ஒரு மரியாதை வருது என்பாள். மாப்பிள்ளை அவர்தான் என்று மகள் சொன்னதும் கையிலிருந்த அளவு நாடா நழுவியது. "அவரா? நம்ம வீட்டுக்கா? ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு!"

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பழப்பை. உட்கார்ந்தார். அம்மா கேட்டாள், "வழி கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துதா தம்பி?" அவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" அவர் குவளையை இன்னும் உற்றுப் பார்த்தார். காலண்டர் மேசைக்கடியில் அவர் காலை உதைத்தாள். "ம்" என்றார்.

அம்மா கடைசியாக ஒரு பரீட்சை வைத்தாள். "தம்பி, வேற ஒண்ணும் வேண்டாம். ரேடியோவுல சொல்ற மாதிரி ஒரே ஒரு தடவை நேரம் சொல்லுங்க. என் காதால கேட்டுக்கறேன்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். ஒரு விக்கல் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பழப்பையைப் பழத்தோடு விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா கதவைச் சாத்தினாள். "ஆள்மாறாட்டம்!"

"இல்லேம்மா, அவரேதான். கூச்சம்."

"கூச்சப்படறவன் ரேடியோவுல பேசுவானா? எவனோ ஒருத்தன் அவர் பேரைச் சொல்லி உன்னை ஏமாத்தறான். சரி, அவனேதான்னு வெச்சுக்கோ. நீ ஒரு வாயாடி. உனக்குக் கேக்கறதுக்கு ஆள் பத்தாது, பதில் சொல்ல ஆள் வேணும். ஆயுசு பூரா குவளையைப் பாக்கறவனுக்கு உன்னை எப்படிக் குடுப்பேன்? அவன் வாயால வந்து என்கிட்டக் கேக்கட்டும். அப்போ பாக்கலாம்."

அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். வெட்டின துணியைத் திரும்ப ஒட்ட முடியாது என்பது மாதிரி ஒரு முகம் வைத்திருப்பாள். அவள் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள மகளுக்கும் மனசில்லை. அறிவிப்பாளரோ அந்தத் தெருமுனை வரை வந்து வந்து திரும்பினார். மூன்றாவது தடவை முனைக்கடைக்காரர் "என்ன சார், முகவரி கிடைக்கலையா?" என்று கேட்க, அதற்கும் பதில் சொல்ல முடியாமல் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு போனார்.

இப்படியே வாரங்கள் ஓடி, ஆகஸ்ட் பிறந்தது. முதல் தேதி காலை. காலண்டர் வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அம்மா மெஷினில் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். எட்டு மணி இசை முடிந்தது. வழக்கமான "வணக்கம் நேயர்களே" வரவில்லை. ஒரு செருமல் வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது.

பிறகு அந்தக் குரல்: "அவங்க அம்மாகிட்டப் பேச வேண்டியது. முதல் முயற்சி."

சீப்பு தலையிலேயே நின்றது.

"வணக்கம். தலைப்புச் செய்திகள். தங்கள் மகளைத் திருமணம் செய்துகொள்ள வானொலி அறிவிப்பாளர் ஒருவர் விருப்பம் தெரிவித்துள்ளார். இது குறித்துத் தாயார் தரப்பிலிருந்து ஆதரவான கருத்து எதுவும் வெளியாகவில்லை. சாப்பாட்டு மேசையில் அறிவிப்பாளர் அமைதி காத்தது ஏன் என்பது பற்றி விசாரணை நடந்து வருகிறது. சே. இது சரிப்படாது. இரண்டாவது முயற்சி."

"அய்யோ!" என்று காலண்டர் வாசலுக்குப் பாய்ந்தாள். நிலையத்துக்கு ஓடினாலும் இருபது நிமிடம். தொலைபேசியில் சொன்னாலும் அந்த நேரத்தில் அங்கே காவலாளியைத் தவிர ஆள் கிடையாது.

"எங்கே ஓடறே?" அம்மா அவள் தாவணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்த துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"நிறுத்தணும்மா! இது ஊர் பூரா கேக்குது! அவர் மானம் போயிடும், என் வேலையும் போயிடும்!"

"உக்காரு. அவர் பேசி முடிக்கட்டும்."

"அம்மா—"

"பேச மாட்டேங்கறார்னுதானே வேண்டாம்னேன்? இப்போ பேசறார். உஷ்."

வானொலி தொடர்ந்தது. "வானிலை. காலண்டர் விடுப்பு எடுக்கும் நாட்களில் மூன்றாவது மாடியில் பரவலாக மந்தமான நிலை காணப்படும். அவர் வேலைக்குத் திரும்பியதும் ஓரிரு இடங்களில் பலத்த சிரிப்புக்கு வாய்ப்பு உண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்குமாறு..." ஒரு பெருமூச்சு. "இதுவும் இல்லை."

மூன்றாவது முயற்சி கால்பந்து வர்ணனை. அதை அவர் மூச்சு விடாமல் சொன்னார். "இதோ அம்மா கரண்டியோடு முன்னேறுகிறார், வலது பக்கத்திலிருந்து வருகிறார், எதிரே அறிவிப்பாளர், தனியாக நிற்கிறார், துணைக்கு யாருமே இல்லை, மேசைக்கடியில் ஒரு உதை, நடுவர் கவனிக்கவில்லை, அம்மா நேரம் கேட்கிறார், அருமையான வாய்ப்பு, அறிவிப்பாளர் வாயைத் திறக்கிறார், திறந்தேவிட்டார், ஆனால்... அய்யய்யோ! விக்கல்! பந்து வெளியே! ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு..."

அம்மா மெஷினின் மேல் கவிழ்ந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அழுகிறாள் என்றுதான் காலண்டர் முதலில் நினைத்தாள். பக்கத்து வீட்டிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் அதே சிரிப்பு வந்துகொண்டிருந்தது. தெருவில் சைக்கிளில் போன பால்காரர் இறங்கி ஜன்னலோரம் நின்றுவிட்டார்.

பிறகு வானொலியில் ஏதோ காகிதம் கசங்கியது. மறுபடி பேசியபோது குரலில் வானொலி இல்லை.

"அம்மா, எனக்கு ஆளுங்க முகத்தைப் பார்த்துப் பேச வராது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். மைக்குக்குக் கண்ணு கிடையாது, அதனால பேசறேன். உங்க பொண்ணுகிட்டேயும் கண்ணாடி வழியாத்தான் பேசுவேன். ஆனா போன வாரம் ஒரு நாள் மைக்கை அணைச்சுட்டு வெளியே வந்தப்புறமும் அவங்ககிட்டப் பேசிட்டே இருந்திருக்கேன். படி இறங்கற வரைக்கும். எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. கொஞ்சம் நாள் குடுத்தீங்கன்னா உங்ககிட்டேயும் பேசிடுவேன். அவ்வளவுதான்."

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. அதன் பின்னால் எதுவும் நடக்காதது போல, "வணக்கம் நேயர்களே, இன்று ஆகஸ்ட் முதல் தேதி" என்று அன்றைய நிகழ்ச்சி கம்பீரமாக ஆரம்பித்தது.

அறிவிப்பாளர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதைக் காவலாளி பிற்பாடு பல தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். எட்டரை மணிச் செய்தி வாசிக்க வந்தவர், டயர் கடை வாசலில் தன் குரலைத் தானே கேட்டிருக்கிறார். மூன்று மாடியையும் ஒரே பாய்ச்சலில் ஏறினால் அறை பூட்டியிருக்கிறது. சாவி காவலாளியிடம். காவலாளி படியில் உட்கார்ந்து சின்ன வானொலியைக் காதில் வைத்திருக்கிறார். இவர் கையை நீட்டி "ம்! ம்!" என்கிறார்.

"இருங்க சார்" என்றாராம் காவலாளி, இவரை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல். "முக்கியமான கட்டம். அந்த அம்மா என்ன சொல்றாங்கன்னு தெரியணும்."

கடைசியில் கதவு திறந்து அவர் உள்ளே விழுந்தபோது அறையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அடித்தது அம்மா.

வீட்டில் காலண்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தொலைபேசியைக் காதில் அழுத்தினாள். "யாரு, அறிவிப்பாளரா?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது.

"தம்பி, நான் அவ அம்மா பேசறேன். நீங்க ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம். முதல்ல போய் மைக்கைப் போடுங்க."

மூச்சு நின்றது. ஏதோ உருண்டது. அலமாரி மேலிருந்த வானொலியில், ஓடிக்கொண்டிருந்த நிகழ்ச்சி பாதியில் தேய்ந்து அடங்கியது. மெல்லிய இரைச்சல். ஊரே காத்துக்கொண்டிருந்தது.

"போட்டாச்சா? இப்போ நேரம் சொல்லுங்க."

ஒரு வினாடி. இன்னொரு வினாடி. காலண்டர் விக்கலை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நேரம்," என்றது வானொலி. அம்மா நூல் கோக்கக் காத்திருக்கும் அதே குரல். "காலை எட்டு மணி, பதினோரு நிமிடம்."

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "அவரேதான்" என்றாள் மகளிடம். பிறகு தொலைபேசியில், "எனக்குச் சம்மதம் மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. வரும்போது அந்த மைக்கையும் எடுத்துட்டு வாங்க. கம்பி வேண்டாம், சும்மா கையில வெச்சுக்கிட்டாப் போதும்."

வானொலியில் "ம்ம்" என்று கேட்டது. ஒலிபரப்பு வரலாற்றில் அவ்வளவு நீளமான "ம்ம்" அதுவரை போனதில்லை.

காலண்டர் நிலையத்துக்கு ஓடிப் போய்த் திரையைப் பார்த்தாள். ஸ்கிரிப்ட் ஒரே ஒரு வரியில் முறையிட்டிருந்தது: 08 என்று ஒரு எண் இருக்க முடியாது. அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும், பத்து வயதில் அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்த மாதிரியே சிரிப்பு வந்தது.

மேலாளர் இரைத்துக்கொண்டு வந்து நின்றார். "என்னம்மா இது? யார் அனுமதி குடுத்தது?"

"சார், இந்த ஷெல்லுக்குப் பழைய காலத்துப் பழக்கம் ஒண்ணு இருக்கு. எண்ணு பூஜ்யத்துல ஆரம்பிச்சா, எட்டே எட்டு விரல் இருக்கற பிராணி மாதிரி எண்ண ஆரம்பிச்சிடும். பூஜ்யத்துலேருந்து ஏழு வரைக்கும்தான் அதுக்கு இலக்கம் தெரியும். ஏழாம் மாசம் வரைக்கும் ஒத்துக்கிச்சு. இன்னைக்கு எட்டு வந்ததும், அப்படி ஒண்ணு உலகத்துலேயே இல்லைன்னு கையை விரிச்சிடுச்சு."

"மாசம் தெரியலைன்னா நின்னுதானே போகணும்?"

"நிக்கலை சார். மாசப் பேர் இருக்க வேண்டிய இடம் காலி. காலின்னா எது வந்தாலும் சரி. முதல் தேதிங்கற '01' மட்டும் வெச்சுக்கிட்டுத் தேடியிருக்கு. இவர் போன மாசம் முதல் தேதி ஒத்திகை பாத்து, '01-அம்மாவிடம்'னு பேர் வெச்சிருக்கார். அகரவரிசையில அது '01-ஆகஸ்ட்'டுக்கு முன்னால நின்னுடுச்சு. ஸ்கிரிப்ட் கண்டுக்காம தாண்டிப் போகட்டும்னு வேணும்னே மாசத்தை எழுதாம விட்டிருக்கார்."

அறிவிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது சிவந்து உட்கார்ந்திருந்தார். மாதத்தை மறைத்த கோப்பும், மாதத்தைத் தொலைத்த ஸ்கிரிப்டும், இரண்டுமாகக் கைகோத்துக்கொண்டு ஊர்வலம் போயிருந்தன.

மேலாளர் அவளை வேலையை விட்டு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கீழே டயர் கடைக்காரர். "சார், அந்தக் கால்பந்து வர்ணனையை மறுபடி எப்போ போடுவீங்க? வேலைக்கு லேட்டா வந்த பையனுங்க கேக்கலையாம்." வைத்த கையோடு மறுபடி அடித்தது. அன்று மதியம் வரை அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர் களைத்துப் போய், "அப்போ ஒன்பதாம் மாசம்?" என்று மட்டும் கேட்டார்.

"அதுவும் இதே கதைதான் சார். இன்னைக்கே சரி பண்ணிடறேன். பத்துப் பத்தா எண்ணுன்னு முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

"அதை இவ்வளவு நாள் சொல்லாம விட்டது நல்லதாப் போச்சுன்னு சொல்ல வரியா?"

"நான் எதுவும் சொல்லலை சார்."

கல்யாணத் தேதியை அவள்தான் குறித்தாள். செப்டம்பர் ஒன்பது. நாளை முன்னால் எழுதினாலும் மாதத்தை முன்னால் எழுதினாலும் ஒன்பது ஒன்பதுதான். எந்த ஊர்ப் பெண்மணி வந்து படித்தாலும் சண்டை வராது. "அதோட, அந்த எட்டு விரல் பிராணிக்கு அப்படி ஒரு நாள் இருக்கறதே தெரியாது. நிம்மதியா முடிச்சுக்கலாம்" என்றாள். பதிவு அலுவலகத்தில் அவர் கம்பியில்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் சம்மதம் சொன்னார். பதிவாளர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி, "சார், தப்பா நினைக்காதீங்க, ஒரு தடவை நேரம் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

அந்த மைக் பிறகு அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது. அவர்களும் அங்கேயே குடி வந்துவிட்டார்கள். உப்புப் பாத்திரத்துக்கும் தண்ணீர்க் குவளைக்கும் நடுவில் அது இருந்தது. முதல் வருஷம் அவர் அதைக் கையில் எடுத்துத்தான் உப்புக் கேட்டார். அடுத்த வருஷம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று ஆனது. அப்புறம் அதன் தலையில் தூசி படிந்தது. காலண்டர் துடைப்பாள், துடைத்துக்கொண்டே "சோதனை, சோதனை, ஒண்ணு, ரெண்டு, ஏழு, பத்து" என்பாள். எட்டும் ஒன்பதும் அவள் எண்ணிக்கையில் அதற்குப் பிறகு வந்ததே இல்லை. அது அந்த வீட்டின் தனி வாய்பாடு. நிலையத்தில் ஒவ்வொரு ஆகஸ்ட் முதல் தேதியும் காவலாளி சாவியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்கிரிப்ட் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவருக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

அந்த ஸ்கிரிப்ட் இப்போதும் தினமும் காலையில் எழுந்து மாதம் கேட்கிறது. அதை எழுதியவள் போன மார்ச்சிலிருந்து உயிரோடு இல்லை. அறிவிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். ஊருக்கு வேறு யாரோ நேரம் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை, வானொலியைத் திறப்பதில்லை. காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து, நூலை ஈரப்படுத்திக்கொண்டு காத்திருப்பாள். அவர் மேசையிலிருந்து கடிகாரத்தைப் பார்ப்பார். மைக் குவளைக்கு அந்தப் பக்கம் கிடக்கும், அதை எடுக்க மாட்டார்.

"நேரம், காலை எட்டு மணி."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மாப்பிள்ளை" என்பாள் அம்மா, ஊசிக் காதில் கண்ணை வைத்துக்கொண்டு. "அவளுக்கும் கேக்கட்டும்."